மருந்தடிக்காத அவரைக்காய்

என் கணவர் இறந்த வருஷத்தில் நான் சாப்பிட்ட எதுவும் எனக்கு நினைவில்லை. துக்கம் தொண்டையை அடைக்கும் என்பார்கள். எனக்கு எதுவும் அடைக்கவில்லை. தட்டில் விழுந்ததைச் சாப்பிட்டேன், கையைக் கழுவினேன், பள்ளிக்கூடம் போனேன். ஒருநாள் மகள், "அம்மா, சாம்பார்ல உப்பே இல்ல" என்றாள். நான் அதே சாம்பாரை ஊற்றிச் சாப்பிட்டு முடித்திருந்தேன்.

எழுபதுகளின் கடைசி வருஷங்கள் அவை. ஆம்பூரில் ஒரு மிஷன் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் சூப்பர்வைசர். எங்களுக்கு ஒரே பெண். அப்போது இரண்டாம் வகுப்பு படித்தாள். அவருக்கு வயிற்று வலி என்றுதான் ஆரம்பித்தது. முதலில் சோடா குடித்தார். பிறகு கடையில் மாத்திரை வாங்கிப் போட்டார். வேலூருக்கு அழைத்துப் போனபோது ஈரலில் கட்டி என்றார்கள். மாமரம் பூத்திருந்த சமயத்தில் போனோம். காய் பழுப்பதற்குள் அவரைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு வந்துவிட்டோம்.

அடக்கத்தன்று நான் அழவில்லை. சபைப் பெண்கள் என் முதுகைத் தடவி, "அழுதுடு கண்ணு, அழுதா பாரம் எறங்கிடும்" என்றார்கள். வரவில்லை. அழக்கூடாது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கவும் இல்லை. பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போடுவார்கள் இல்லையா? அதற்குப் பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னத்தையோ தொடுவதுபோல இருக்கும். எனக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது. அவ்வளவுதான்.

அழுததெல்லாம் அவருடைய அக்காதான். என் நாத்தனார். நானும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தாயில்லாத தம்பியைப் படிக்க வைத்து, வேலைக்கு அனுப்பி, எனக்குக் கட்டி வைத்தவர். தம்பி படுத்திருந்த நாளெல்லாம் ட்யூட்டி முடிந்ததும் நேராக அவர் கட்டிலுக்கு வந்துவிடுவார். ஒருநாள் டாக்டரிடம், "எதனால வந்துச்சு டாக்டர்?" என்று கேட்டபோது நான் பக்கத்தில் நின்றிருந்தேன். "அதைச் சொல்ல முடியாது சிஸ்டர். யாருக்கும் வரலாம்" என்றார் டாக்டர். எத்தனையோ நோயாளிகளின் வீட்டாருக்கு அந்தப் பதிலை அக்காவே சொல்லியிருப்பார். தன் தம்பிக்கு அது போதவில்லை.

போதாததால் தானே ஒரு பதிலைத் தேடிக் கண்டுபிடித்தார். நாற்பதாம் நாள் ஜெபத்துக்கு வந்தவர், சமையலறையில் நான் நறுக்கிக்கொண்டிருந்த கீரைக்கட்டை எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

"இது எங்க வாங்கின?"

"தள்ளுவண்டியிலதான் அக்கா."

"அவன் எங்கேர்ந்து கொண்டு வர்றான்?"

"ஆத்தங்கரைத் தோட்டம்தான். எல்லாரும் அங்கேர்ந்துதானே..."

அக்கா அந்தக் கீரையைக் குப்பைக் கூடையில் போட்டார். "டேனரித் தண்ணி பூரா பாலாத்துலதான் போவுது. அந்தத் தண்ணியிலதான் இது வெளையுது. பத்தாததுக்கு யூரியா, பூச்சி மருந்து. இதைத் தின்னுதான் என் தம்பி போய்ட்டான். கொழந்தையாவது மிஞ்சணும்" என்றார்.

நான் வேறு எதையோ எடுத்து நறுக்க ஆரம்பித்தேன்.

அடுத்த சனிக்கிழமை எங்கள் இருவரையும் வேலூருக்கு வரச் சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் மரங்கள் அடர்ந்த தெருவில் இருந்த ஒரு கடைக்கு அழைத்துப் போனார். பலகையில் பெயர் இங்கிலீஷில் இருந்தது. ஆனால் எல்லோரும் மலைக்கடை என்றார்கள். ஏலகிரியில் சொந்த நிலம் வைத்திருந்த ஒரு தம்பதி அதை நடத்தினார்கள். உரக்கடை உரமோ பூச்சி மருந்தோ போடாமல் அங்கே விளைந்ததை ஜீப்பில் இறக்கி இங்கே விற்றார்கள். கண்ணாடிக் கதவு, மூங்கில் கூடைகள், கழுவித் துடைத்த சிமெண்டுத் தரை. அவரை, பீன்ஸ், கொய்யா, கைக்குத்தல் அரிசி, சாமை, பாட்டிலில் தேன். உள்ளே நுழைந்ததும் மகள் மூக்கை உறிஞ்சி, "நல்லா வாசனை வருதும்மா" என்றாள். எனக்கு எதுவும் வரவில்லை.

வாங்க வந்தவர்கள் வேறு மாதிரி ஆட்கள். டாக்டர்களின் மனைவிகள், இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள், அம்பாசிடர் காரில் வந்து இறங்கிய பட்டுப் புடவைக்காரர்கள். அவர்களில் ஒருவரை எனக்கு அடையாளம் தெரிந்தது. ஆம்பூர்ப் பக்கம் டேனரி வைத்திருந்த முதலாளி வீட்டு அம்மா.

அக்கா என் காதருகில், "பாத்தியா? ஆத்த கெடுக்குறவங்களே ஆத்தங்கரைக் காய வாங்குறதில்ல" என்றார்.

கல்லாவில் இருந்தது கடைக்கார அம்மா. ஐம்பது வயசிருக்கும். தடித்த கண்ணாடி, கைத்தறிப் புடவை, நகத்தில் மண். டாக்டர் வீட்டாரோடு இங்கிலீஷில் பேசிவிட்டு எங்களிடம் திரும்பி வீட்டு ஆள் மாதிரி பேசினார். விலையைக் கேட்டதும் நான் கையிலிருந்த அவரைக்காயைக் கூடையிலேயே திரும்பப் போட்டேன். ஆம்பூர் மார்க்கெட்டைப்போல மூன்று பங்கு.

"ஏங்க இவ்ளோ ஜாஸ்தி?" என்று கேட்டேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. தினமும் யாராவது கேட்டிருப்பார்கள். "மருந்து அடிச்சா ஒரே ஆளு ஒரு காலையில முடிச்சுடுவான். அடிக்கலன்னா பூச்சிய கையால பொறுக்கணும். யூரியா போடலன்னா எருவ தலையில சொமந்து ஏத்தணும். அவங்க கூலிதாம்மா இந்த விலை. பாதி காய் பூச்சி தின்னுட்டுப் போவுது, அதுவும் இதுலதான் சேரும்."

அக்கா பேரம் பேசவில்லை. பெரிய பை நிறைய வாங்கினார். அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சமையல் மலைக்கடைச் சாமானாகிவிட்டது. பணத்தில் பெரும்பங்கை அக்கா போட்டார். மீதியை நான் போட்டேன். அக்கா புதுப் புடவை எடுப்பதை நிறுத்தினார். நான் பத்திரிகை வாங்குவதை நிறுத்தினேன். படித்துக்கொண்டிருந்ததும் மனதில் நிற்கவில்லை என்பதால் அது ஒரு நஷ்டமாகத் தெரியவில்லை.

சனிக்கிழமைதோறும் நானும் மகளும் வேலூருக்குப் பஸ் ஏறினோம். மாதனூர், பள்ளிகொண்டா என்று ஊர்கள் போகும். ஜன்னல் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். கடையில் வாங்குவோம். அக்காவின் குவார்ட்டர்ஸில் சாப்பிடுவோம். சாயங்காலம் பையோடு திரும்புவோம். யாராவது என்னிடம், இது உனக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை. சனிக்கிழமை வந்தால் பையை எடுக்க வேண்டும், எடுத்தேன்.

ஆம்பூரில் எங்களுக்கு அடுத்த வீடு ஒரு பாய் வீடு. அந்த வீட்டுக்காரரும் டேனரி வேலைதான். பாயம்மா நல்ல வாய்க்காரர். நான் பையிலிருந்து காயை எடுத்து வைப்பதைப் பின்வாசலிலிருந்து பார்ப்பார்.

"இன்னா டீச்சர், இதுக்குப் போயி வேலூர் வரைக்குமா? இந்த அவரைக்காய்க்கு இன்னா, கொம்பா மொளச்சிருக்கு?"

"மருந்து அடிக்காததாம் பாயம்மா."

"அட, எங்க வூட்ல அல்லாரும் ஆத்தங்கரைக் காய்தான் தின்றோம். நல்லாத்தானே கீறோம்?" என்பார். சொல்லிவிட்டு என் கணவரை நினைத்துக்கொள்வார்போல. முகம் மாறிவிடும். "தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். கொழந்தைக்கு நல்லதுன்னா செய்யுங்க" என்று உள்ளே போய்விடுவார்.

மகள் வெளியில் எதுவும் சாப்பிடக்கூடாது என்பது அக்காவின் உத்தரவு. வெள்ளிக்கிழமை மதியங்களில் பாயம்மா வீட்டு பிரியாணி வாசனைக்கு அவள் எழுந்து போவாள். போய்விட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருவாள். விரலில் மஞ்சளாக எண்ணெய் இருக்கும். நான் பார்த்தேன். கேட்கவில்லை. அக்காவிடம் சொல்லவும் இல்லை. அவளாவது எதையோ ஆசைப்பட்டுச் சாப்பிடுகிறாள் என்று தோன்றியது.

ஒருமுறை அக்கா லீவில் வந்து எங்களோடு தங்கினார். காலையில் நான் மலைக்கடை பீன்ஸைக் குண்டானில் போட்டு, எங்கள் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி அலசிக்கொண்டிருந்தேன். அந்தக் கிணற்றுத் தண்ணீர் அப்போதே உப்புக் கரித்தது. வெயில் காலத்தில் டீயின் நிறத்துக்கு வந்துவிடும். துணி வெளுத்தால் துணியே பழுப்பாகும். குடிப்பதற்கு மட்டும் தெருக்குழாயில் பிடிப்போம். மற்ற எல்லாவற்றுக்கும் கிணறுதான்.

அக்கா வாசற்படியில் நின்றபடி பார்த்தார்.

"எப்பவும் இந்தத் தண்ணியிலயா கழுவுற?"

"வேற தண்ணி ஏதுக்கா?"

"சோறு?"

"சோறும்தான்."

அக்கா அப்படியே படியில் உட்கார்ந்தார். அத்தனை மாதமும் அவர் வாங்கிய சுத்தம் எல்லாம் அந்தக் குண்டானில் கரைவதைப் பார்த்தவர்போல இருந்தது அவர் முகம். நான் ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். பீன்ஸை வடிகட்டி எடுத்து வைத்தேன்.

அடுத்த வாரத்திலிருந்து சாமானோடு தண்ணீரும் வந்தது. வெள்ளை பிளாஸ்டிக் கேன் இரண்டு. குவார்ட்டர்ஸ் குழாயில் பிடித்து பஸ்ஸில் ஏற்றிவிடுவார். கண்டக்டர்கள் எங்களை அடையாளம் வைத்துக்கொண்டார்கள். "தண்ணி டீச்சர் வந்துட்டாங்கப்பா, ஓரமா எடம் வுடுங்க" என்பார் ஒருவர். மகள் சிரிப்பாள். ஊர் பூராவும் அதே கிணறுகளில் இறைத்துக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தபோது நான் ஒருத்தி கேனைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். வெட்கமாக இருந்திருக்க வேண்டும். அதுவும் இல்லை. கை மட்டும் வலித்தது.

இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் போயிற்று. பிறகு ஒரு சனிக்கிழமை கடைக்குப் போனால் கல்லாவில் அந்த அம்மா இல்லை. அவருடைய கணவர் நின்றிருந்தார். ஜோலார்பேட்டையில் ரயில்வேயில் இருந்து ரிட்டையர் ஆனவர். ஜீப் ஓட்டத்தான் தெரியும், தராசு பிடிக்கத் தெரியாது. எடைக்கல் எது எது என்று எங்களையே கேட்டார்.

"அம்மா வரலீங்களா?" என்று அக்கா கேட்டார்.

"மலையில இருக்காங்க. கொஞ்சம் ரெஸ்ட்."

அதற்கடுத்த வாரமும் ரெஸ்ட் என்றார். அதற்கடுத்த வாரமும். அக்கா நர்ஸ் ஆயிற்றே, விடமாட்டார். "ஒரு நாள் மேல வந்து பாத்துட்டு ஜெபம் பண்ணிட்டு வரலாமா? தோட்டத்தையும் பாக்கணும்னு ரொம்ப நாளா ஆச" என்றார். அவர் யோசித்தார். பிறகு, "வாங்க. யாராவது வந்தா அவங்களுக்கும் நல்லாருக்கும்" என்றார்.

பள்ளிக்கூடம் விடுமுறை விட்டிருந்த ஒரு நாள் மூவரும் போனோம். வாணியம்பாடி போய், அங்கிருந்து திருப்பத்தூர் பஸ்ஸில் ஏறி, மலை அடிவாரக் கூட்டுரோட்டில் இறங்கி, மேலே ஏறும் வண்டிக்குக் காத்திருந்தோம். வளைவுக்கு வளைவு மகள் கை தட்டினாள். அக்காவின் முகத்தில் நீண்ட நாளைக்குப் பிறகு ஒரு தெளிச்சல். "பாரு, காத்தே எப்படி இருக்கு. டேனரி நாத்தமே இல்ல" என்றார். எனக்கும் அது தெரிந்தது. நாற்றம் இல்லை என்பது தெரிந்தது, அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

கடையில் சொன்னது எதுவும் பொய்யில்லை. அதை நான் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையைக் கேட்பவர்கள் எல்லோரும் கடைக்காரர் ஏமாற்றியிருப்பார் என்றுதான் எதிர்பார்க்கிறார்கள். தோட்டம் சொன்னபடியே இருந்தது. கல் கட்டிய கிணறு, உள்ளே எட்டிப் பார்த்தால் அடிக்கல் தெரியும் தண்ணீர். எருக்குவியல். அவரைப் பந்தலின் கீழே குனிந்தபடி பெண்கள் இலை இலையாகத் திருப்பிப் பூச்சியைப் பொறுக்கிச் சிரட்டையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா கிணற்று நீரைக் கையில் அள்ளிக் குடித்தார். கொய்யா மரத்தில் பழுத்த பழத்தை அந்த அம்மாவின் கணவரான பெரியவர் பறித்து மகளிடம் கொடுத்தார். அவள் அங்கேயே உட்கார்ந்து தின்றாள்.

வீட்டு முன்னறையில் சாய்வு நாற்காலியில் அந்த அம்மா இருந்தார். கால் இரண்டையும் முக்காலியில் நீட்டியிருந்தார். பாதம் வீங்கியிருந்தது. புடவைக்குள் வயிறு உப்பியிருந்தது. எங்களைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்போது பார்த்தேன், கண்ணின் வெள்ளை முழுக்க மஞ்சள்.

அக்கா வாசலிலேயே நின்றுவிட்டார். அவருக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எனக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்தக் காலையும் அந்தக் கண்ணையும் நாங்கள் இருவருமே பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறோம்.

"வாங்க சிஸ்டர், ஏன் நிக்கிறீங்க" என்றார் அந்த அம்மா.

அக்கா உள்ளே போய், நாடி பிடிப்பதுபோல அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "எவ்ளோ நாளா?"

"மழைக்கு முன்னாடியே தெரியும். ஈரல்ல கட்டியாம். இவருதான் யார்கிட்டயும் சொல்லாதன்னார். வியாபாரம் படுத்துடும்னு இல்ல. எல்லாரும் வந்து அழுவாங்கன்னு."

அக்காவின் குரல் மாறியது. விசாரிக்கிற குரல் இல்லை, சண்டைக்கு நிற்கிற குரல். "நீங்க இந்தத் தோட்டத்துலதானே சாப்பிடுறீங்க?"

"கல்யாணம் ஆன நாளா."

"வெளிய?"

"கீழ எறங்குனாலும் கையில சோறு கட்டிட்டுப் போயிடுவேன் சிஸ்டர். இந்தக் கெணத்துத் தண்ணிதான் குடிப்பேன்."

"அப்பறம் எப்படி வந்துச்சு?"

பெரியவர் அறையை விட்டு வெளியே போனார். அந்த அம்மா அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுக் கதை அவருக்குத் தெரியும். அக்கா முதல் வாரமே சொல்லியிருந்தார்.

"சிஸ்டர், நான் மருந்து அடிக்காம வெளைக்கிறேன்னுதான் சொன்னேன். நோயே வராதுன்னு யார்கிட்டயும் சொல்லி வித்ததில்ல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மெதுவாக, விளக்குவதுபோலத்தான் சொன்னார். "காய் நல்ல காய். அதுக்கு மேல எனக்கும் தெரியலம்மா."

அக்கா ஜெபம் செய்யத்தான் வந்திருந்தார். பைபிள் கைப்பையில் இருந்தது. அதை எடுக்கவில்லை. நான்தான் கடைசியில் ஒரு சின்ன ஜெபம் சொன்னேன். மனப்பாடமாகத் தெரிந்த வார்த்தைகள், வாய் பாட்டுக்குச் சொன்னது. "ஆமென்" என்று அந்த அம்மா மட்டும் சொன்னார். கிளம்பும்போது எங்களுக்கு ஒரு பையில் அவரைக்காயும் கொய்யாவும் கட்டிக் கொடுத்து, காசு வேண்டாம் என்றார் பெரியவர்.

மலை இறங்கினோம். வாணியம்பாடி பஸ் ஸ்டாண்டில் ஆம்பூர் வண்டிக்கு நின்றோம். வெயில் கொளுத்தியது. பக்கத்தில் ஒரு தள்ளுவண்டியில் வெள்ளரிப் பிஞ்சை நீளவாக்கில் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவி விற்றுக்கொண்டிருந்தார்கள். அடுக்கி வைத்த பிஞ்சுகள் வாடாமல் இருக்க வாளியிலிருந்து தண்ணீர் தெளித்தார் வண்டிக்காரர். வாளித் தண்ணீர் எங்கள் கிணற்றுத் தண்ணீரின் நிறத்தில் இருந்தது. ஈ மொய்த்தது.

அக்கா நேராக அந்த வண்டிக்குப் போனார்.

"குடுப்பா."

"எத்தினிம்மா?"

"குடு, சொல்றேன்."

ஒன்றை வாங்கி நின்றபடியே தின்றார். பிறகு இன்னொன்று. இத்தனை மாதமாக ஒரு கைப்பிடி வேர்க்கடலையைக்கூட வெளியில் வாங்கித் தின்ன விடாதவர். வெள்ளைப் புடவையில் மிளகாய்த்தூள் சிந்தியது. கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் வழிந்தது. காரத்துக்கு வந்ததா, மற்றதற்கா என்று தெரியவில்லை. மகள் என்னைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள், பிறகு, "அத்தை, எனக்கு?" என்றாள்.

அக்கா தன் கையில் இருந்ததை ஒடித்துக் கொடுத்தார். எனக்கும் ஒரு துண்டை நீட்டினார். நானும் தின்றேன். காரமாக இருந்திருக்கும்.

"ஒண்ணுமே இல்லடி" என்றார் அக்கா. "எதனாலயும் இல்ல. சும்மா செத்துப்போய்ட்டான்."

அதன்பிறகு பஸ் ஸ்டாண்டில் அத்தனை பேர் நடுவில் வாய்விட்டு அழுதார். வண்டிக்காரர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். ஆம்பூர் வண்டி வந்தது, போனது. அடுத்ததில் ஏறினோம். என் தோளில் சாய்ந்துகொண்டு வீடு வரை அழுதார். அவர் கண்ணீர் என் ஜாக்கெட்டை நனைப்பது எனக்குத் தெரிந்தது. அந்தப் பக்கம் தோள் ஈரமாக இருந்தது, இந்தப் பக்கம் காய்ந்திருந்தது. அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றோடு அக்கா மலைக்கடைக்குப் போவதை விட்டுவிட்டார். தண்ணீர் கேன்களில் ஒன்றை ஆஸ்பத்திரித் தோட்டக்காரர் எடுத்துக்கொண்டார். ஆனால் நான் நிறுத்தவில்லை. அக்காவுக்கே ஆச்சரியம்.

"இன்னும் ஏன் அங்க போற? எல்லாம் ஒண்ணுதான்னு தெரிஞ்சுபோச்சே."

"அவரைக்காய் நல்லாருக்கு அக்கா" என்றேன்.

நன்றாக இருந்ததா என்று எனக்கு எப்படித் தெரியும்? மகள் சொன்னாள், நான் அதைத் திருப்பிச் சொன்னேன். அளவைக் குறைத்துக்கொண்டேன், வாரத்துக்கு ஒரு சின்னப் பை, அவளுக்கு மட்டும். எனக்கு ஆம்பூர் மார்க்கெட் காய். பாயம்மா வீட்டு பிரியாணிக்கு அவள் இனிமேல் ஒளிந்து போக வேண்டியிருக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் பாயம்மா வேலிக்கு மேலாகவே கிண்ணத்தை நீட்டிவிடுவார். பதிலுக்கு நான் மலைக்கடைக் கொய்யாவைக் கொடுத்தேன். கடித்துப் பார்த்துவிட்டு, "ருசி கீது டீச்சர், பொய் சொல்லக்கூடாது. ஆனா அந்த விலைக்கு எங்களால முடியாது" என்றார். அதுதான் அந்தக் கடையைப் பற்றி எங்கள் தெருவின் கடைசித் தீர்ப்பு.

கார்த்திகை மழை விட்ட ஒரு வாரத்தில் அந்த அம்மா இறந்துபோனார். கடைக் கதவில் பேப்பர் ஒட்டியிருந்ததைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பெரியவர் கொஞ்ச நாள் நடத்தினார். எருக் கூலி, பொறுக்கும் கூலி, எதுவும் அவருக்குக் கட்டுப்படியாகவில்லை. எண்பதுகள் தொடங்கிய சமயத்தில் நிலத்தை யாருக்கோ கொடுத்துவிட்டு ஜோலார்பேட்டைக்கே இறங்கிவிட்டார். கடை இருந்த இடத்தில் மருந்துக்கடை வந்தது. கண்ணாடிக் கதவை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

பிறகு நான் முழுக்க மார்க்கெட்டுக்குப் போக ஆரம்பித்தேன். ஒரு காலையில், காய்க்காரம்மா ஒருவர் மேலே நல்ல வெண்டைக்காயாக அடுக்கி, அடியில் முற்றலைப் போட்டு என் பையில் கொட்டிவிட்டார். வீட்டுக்கு வந்து பார்த்தேன். திரும்ப மார்க்கெட்டுக்கு நடந்தேன். அந்தப் பெண்ணின் முன்னால் பையைக் கவிழ்த்தேன். "இன்னா நெனச்சிட்ட என்னப் பத்தி?" என்று கத்தினேன். பள்ளிக்கூடத்தில்கூட அப்படிக் கத்தியதில்லை. அவர் பதிலுக்குக் கத்தினார். கூட்டம் கூடிவிட்டது. என் மாணவி ஒருத்தியின் அப்பா, "வுடுங்க டீச்சர், வுடுங்க" என்று நடுவில் வந்தார். முகம் எரிந்தது. கோபம் வந்திருக்கிறது என்று புரிந்துகொள்ளவே கொஞ்ச நேரம் ஆயிற்று. என் கணவர் போன பிறகு எனக்கு வந்த முதல் கோபம் அது. மற்றவை அதற்குப் பின்னால் ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் வந்தன. அழுகை எல்லாவற்றுக்கும் கடைசியில் வந்தது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

அந்தக் கடைக்குக் கொடுத்த காசு தகுமா என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. தெரியவில்லை என்றுதான் சொல்வேன். ஒரு குழந்தை கொஞ்ச காலம் நல்ல காய் சாப்பிட்டது. பூச்சி பொறுக்கிய பெண்களுக்குக் கூலி கிடைத்தது. தம்பியைப் பறிகொடுத்த ஒருத்திக்குச் செய்வதற்கு ஒரு வேலை இருந்தது. எங்கள் கிணறு மட்டும் முன்னைவிடக் கரித்தது. அதை எந்தக் கடையிலும் வாங்கிச் சரிசெய்ய முடியவில்லை. நான் மலைக்கடைக்குக் கொடுத்ததெல்லாம் என் ஒரு வீட்டுக்கு மட்டும்தான் உதவியது. பாயம்மா வீட்டுக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.

அக்கா ரிட்டையர் ஆனதும் எங்களோடு வந்துவிட்டார். காலையில் கூடையை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போவது அவர் வேலை. எது மலிவோ அதை வாங்கி வருவார். சமைக்கும்போது யாரிடமும் எதுவும் கேட்கமாட்டார். சாப்பிட உட்காரும்போது மட்டும் மகளிடம், "உப்பு சரியா இருக்கா பாரு" என்பார். அவள் நாக்கில் வைத்துப் பார்த்துச் சொல்வாள். அதற்குப் பிறகு மூன்று பேரும் சாப்பிடுவோம்.